ஏரிக்கரையில் புளிப்பில்லாத ஏழு நாட்கள்

மாதம் ஒருமுறை கூடிப் பழைய நூல்களை வாசித்துப் பேசும் சிறு குழு நாங்கள். சமய நம்பிக்கையில் ஒரே அணியைச் சேர்ந்தவர்கள் அல்லர். கோயிலுக்குச் செல்பவரும், தேவாலயத்துக்குச் செல்பவரும், இரண்டுக்கும் செல்லாதவரும் எங்களில் உண்டு. பழைய ஏற்பாட்டை இலக்கியமாக வாசிக்கலாம் என்று தொடங்கி, ஆதியாகமத்தின் கதைகளையும் யாத்திராகமத்தின் பயணத்தையும் ஆர்வத்தோடு கடந்தோம். லேவியராகமத்துக்கு வந்தபோது பலருக்கும் சலிப்புத் தட்டியது. அதன் இருபத்து மூன்றாம் அதிகாரம் ஏறத்தாழ ஒரு பஞ்சாங்கம். ஓய்வுநாள், பஸ்கா, புளிப்பில்லாத அப்பப் பண்டிகை, முதற்பலன், வாரங்களின் பண்டிகை, எக்காளப் பண்டிகை, பாவநிவிர்த்தி நாள், கூடாரப் பண்டிகை என்று நாட்கணக்கு நீள்கிறது.

“இதையெல்லாம் இன்று இங்கே யார் கடைப்பிடிக்கப் போகிறார்கள்?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். “என் உறவினர் ஒருவர் கடைப்பிடிக்கிறார். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கிறார்” என்று பதில் வந்தது. அப்படித்தான் ஒரு பங்குனிப் பௌர்ணமியை அடுத்த சனிக்கிழமையில், நாங்கள் நால்வர் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் சென்றோம்.

பழவேற்காடு பல பஞ்சாங்கங்கள் ஒருங்கே புழங்கும் ஊர். போர்த்துக்கீசியர் காலத்தில், 1515இல் தோன்றிய மகிமை மாதா ஆலயம் இங்கே உண்டு. பிறை பார்த்து நோன்பு தொடங்கும் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக இங்கே வாழ்கிறார்கள். மீனவர் குப்பங்களில் அம்மன் கோயில்களுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய பாதிரியாராக 1630களில் வந்து பத்தாண்டுக் காலம் தங்கிய ஆபிரகாம் ரோஜெரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து, அவர்களின் வாழ்க்கை முறையையும் வழிபாட்டையும் திருநாட்களையும் டச்சு மொழியில் எழுதிவைத்தார். அந்த நூல் அவர் மறைந்த பின் 1651இல் அச்சேறியது. பிறருடைய பண்டிகைகளைக் கேட்டு எழுதும் வேலை இந்த ஊருக்குப் புதிதன்று என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

நாங்கள் காணச் சென்றவர் பிறப்பால் கிறிஸ்தவர். சில ஆண்டுகளுக்கு முன்பு மேசியானிய நம்பிக்கைக்கு வந்தவர். இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்டு, அதே வேளையில் அவர் ஒரு யூதராகக் கடைப்பிடித்த ஓய்வுநாளையும் திருநாட்களையும் தாமும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. யூதரிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்விட்டு, 1970களில் அமெரிக்காவில் விரிந்த இயக்கம் அது. யூத சமயத்தவரில் பெரும்பான்மையோர் இதனை யூத நெறியாக ஏற்பதில்லை. திருச்சபைகளிலும் பலர், கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் பண்டிகை, அமாவாசை, ஓய்வுநாள் ஆகியவை குறித்து எழுதியதைக் காட்டி, இது தேவையற்ற சுமை என்கிறார்கள். இரு வீட்டாராலும் முழுமனதோடு ஏற்கப்படாத பிள்ளையின் நிலைதான்.

அவருக்கு எதிராக முதலில் எழும் குற்றச்சாட்டு, இது இரவல் பண்டிகை என்பது. எங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தது. வங்கக் கடலோரத்து மீனவருக்கும் யூதேயா நாட்டு வாற்கோதுமை அறுவடைக்கும் என்ன உறவு? ஆனால் இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு இப்போதுதான் முதல்முறையாகச் சந்திக்கிறது என்று நினைத்தால் அது நம் மறதி. திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், 1857இல் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை தனிச்சபை ஒன்றைத் தொடங்கினார். மிஷனரிமாரிடம் பயின்று, அவர்களோடு முரண்பட்டு வெளியேறியவர் அவர். தம் சமூகத்தாரைக் குறித்துக் கால்டுவெல் எழுதிய நூல் ஏற்படுத்திய காயமும் அந்தப் பிரிவின் பின்னணியில் உண்டு. வெள்ளையர் மேற்பார்வை இல்லாத அந்த இந்து கிறிஸ்தவ சபை, ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. தூபம் காட்டியது. பழைய ஏற்பாட்டின் திருநாட்களையும் சடங்குகளையும் கைக்கொண்டது. வேதத்தின் வழக்கங்கள் ஐரோப்பியருடையவற்றைக் காட்டிலும் நம்முடையவற்றுக்கே நெருக்கமானவை என்பது சட்டம்பிள்ளையின் வாதம். எபிரேயப் பஞ்சாங்கம் அவருக்கு இரவலாகத் தோன்றவில்லை. பாதிரிமார் கொடுத்த பஞ்சாங்கமே இரவலாகத் தோன்றியது. ஆகவே, ஒருவர் கைக்கொள்ளும் பண்டிகை எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு, எதிலிருந்து விடுபட அவர் அதைத் தேடினார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

மேலும், இந்தத் திருநாட்கள் இந்தியக் கடற்கரைக்கு நெடுங்காலப் பழக்கமுடையவை. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் அவர்களைச் ‘சனிவாரத் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே அழைத்தனர். எபிரேயப் பெயர்கள் மறந்துபோன காலத்திலும் அவர்கள் திருநாட்களை மறக்கவில்லை. பாவநிவிர்த்தி நாளுக்குக் கதவடைப்புத் திருநாள் என்று மராத்தியில் பெயர். பாயசத் திருநாள் என்றும் ஒன்று உண்டு. பஸ்காவுக்குப் புளிச்சாடியை மூடும் திருநாள் என்று பெயர். அரிசி உண்ணும் நாட்டில் புளித்த அப்பத்தை விலக்குவது எவ்வாறு? வீட்டில் புளிக்கும் பொருள் இருந்த சாடியை மூடிவைத்தார்கள். ஒரு வேதவாக்கியம் சமையலறைக்குள் நுழைந்து அந்த வீட்டுப் பாத்திரத்தில் தங்கிவிட்டதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவர்களைப் பற்றிய மரபுக் கதை ஒன்றையும் நண்பரின் உறவினரிடம் சொன்னோம். தாவீது ரகபி என்ற யூதர் அவர்களிடையே வந்தாராம். இவர்கள் யூதர்தாமா என்று சோதிக்கப் பலவகை மீன்களையும் பெண்களிடம் கொடுத்தாராம். அவர்கள் செதிலும் துடுப்பும் உள்ள மீன்களை மட்டும் பிரித்தெடுத்துச் சமைத்தார்களாம். அவர் மெல்லச் சிரித்தார். “அவங்களுக்கு எண்ணெய் இருந்திச்சு. எனக்கு இறால்தானே ஐயா” என்றார்.

அதுதான் அவருடைய முதல் இக்கட்டு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. மடவையும் கொடுவாவும் கிடைக்கும். அவற்றுக்குச் செதிலும் துடுப்பும் உண்டு. ஆனால் நல்ல விலை பெற்றுத் தருபவை இறாலும் நண்டும். லேவியராகமத்தின் பதினோராம் அதிகாரப்படி அவை உண்ணத் தகாதவை. அவர் பிடிக்கிறார், விற்கிறார், வீட்டில் சமைப்பதில்லை. இது சரியா என்று எங்களைக் கேட்டார். நாங்கள் யார் பதில் சொல்ல?

இரண்டாம் இக்கட்டு சனிக்கிழமை. இந்த ஏரியில் மீனவர்கள் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. பாடு என்ற பழைய முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் முதலிய ஊர்களில் பாட்டு உரிமை உடைய தலைக்கட்டுகள் சீட்டுப்போட்டு, எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். அம்மனை வணங்கும் குப்பமும் மாதாவை வணங்கும் குப்பமும் ஒரே ஏரியை இவ்வாறு பங்கிடுவது எங்களுக்கு வியப்பளித்தது. வேதத்திலும் சீட்டு உண்டு. பாவநிவிர்த்தி நாளில் இரண்டு கடாக்களுக்குச் சீட்டுப்போட்டே எது பலி, எது வனாந்தரத்துக்கு என்று தீர்மானிக்கிறார்கள். பூரீம் திருநாளின் பெயரே சீட்டு என்ற சொல்லிலிருந்து வந்தது. மனிதர் சண்டையிட்டுத் தீர்க்கக்கூடிய ஒன்றைச் சண்டையின்றித் தீர்க்கும் வழி அது. ஆனால் சீட்டு கிழமை பார்ப்பதில்லை. முறை சனிக்கிழமையில் விழுந்தால் நண்பரின் உறவினர் வலை எடுப்பதில்லை. அன்றைய வருமானம் போனது போனதுதான். நாங்கள் சென்ற அன்றும் அப்படித்தான் வீட்டில் இருந்தார்.

ஓய்வுக்கு யாரேனும் ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும் என்பதை அரசு அறிந்திருக்கிறது. கிழக்குக் கரையில் மீன்வளம் பெருகுவதற்காக விசைப்படகுகளுக்கு 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாட்கள் தடை இருந்தது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாயிற்று. கடலுக்கு அளிக்கும் அந்த ஓய்வுக்கு ஈடாக மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை தரப்படுகிறது. ஆனால் தனி மனிதன் தன் நம்பிக்கையின் பொருட்டு எடுக்கும் ஓய்வுக்கு நிவாரணம் எங்கிருந்து வரும்? அவருடைய வீட்டில் அது எங்கிருந்து வருகிறது என்பதை அன்று மதியம் நாங்கள் கண்டோம்.

அது புளிப்பில்லாத அப்பப் பண்டிகையின் வாரம். வீட்டில் இட்லி மாவு இல்லை. சாடியிலிருந்த புளித்த மோரைக் கொட்டிவிட்டார்கள். நீரூற்றிய பழையதும் புளிப்புதான் என்று அவர் முடிவு செய்திருந்தார். யூதர்களுக்குள்ளேயே அரிசியைப் பற்றி ஒருமித்த கருத்தில்லை. ஐரோப்பிய யூதர்களின் மரபு பஸ்காவில் அரிசியை விலக்குகிறது. கீழை நாட்டு யூதர் பலரும் விலக்குவதில்லை. சட்டம் கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களைப் பற்றியே பேசுகிறது என்பது அவர்கள் கொள்கை. அவ்வாறாயின் பழையதை விலக்க வேண்டியதே இல்லை என்று எங்களில் ஒருவர் விளக்கினார். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். சமையல் நடக்கும் தாழ்வாரத்திலிருந்து அவருடைய மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமே ஐயா” என்றார் அந்த அம்மா. “பழையது இருந்தா விடிகாலைல அடுப்பு மூட்ட வேணாம். இந்த ஏழு நாளும் மூணு மணிக்கே எழுந்து சோறு வடிக்கிறேன்.”

நாங்கள் பேசாமல் இருந்தோம். அவரே தொடர்ந்தார். “அவருக்குச் சனிக்கிழம ஓய்வுநாளு. நான் குறை சொல்லல. எனக்கு எந்த நாளு?”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஓய்வுநாளில் நான்கு பேர் விருந்தாளிகளாக வந்திருக்கிறோம். எங்களுக்காக அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. லேவியராகமத்தைப் பற்றிப் பேச வந்தவர்களால் அதன் முதல் கட்டளையே அந்த வீட்டில் உடைந்துகொண்டிருந்தது. உடைத்தவர் அந்த அம்மா அல்லர். நாங்கள்தாம்.

ஊர் திரும்பியபின் யாத்திராகமத்தின் இருபதாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். ஓய்வுநாளில் யாரெல்லாம் வேலை செய்யலாகாது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசலில் இருக்கிற அந்நியன் என்று வரிசை செல்கிறது. மனைவி தனியாகச் சொல்லப்படவில்லை. ‘நீ’ என்ற சொல்லில் அவளும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் சொல்லலாம். அதுவே நேர்மையான பொருளாகவும் இருக்கலாம். ஆனால் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு அந்த ‘நீ’ எட்டவில்லை என்பதைக் கண்ணால் கண்டுவிட்டோம். இது அந்தக் குடும்பத்தின் குறை மட்டுமன்று. பொங்கலும் கிறிஸ்துமஸும் ரம்ஜானும் நம் வீடுகளில் யாருடைய உழைப்பில் நடக்கின்றன என்று அவரவர் எண்ணிப் பார்த்தால் போதும்.

எங்கள் கருத்து இதுதான். திருநாளைக் கைக்கொள்வதில் நாள் தவறாமை இரண்டாவது. அதன் ஓய்வும் அதன் பங்கும் கடைசி ஆள் வரை சென்று சேர்ந்தனவா என்பதே முதலாவது. இதை நாங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து சொல்லவில்லை. சலிப்புடன் நாங்கள் கடக்க முயன்ற அந்த இருபத்து மூன்றாம் அதிகாரமே சொல்கிறது. வாரங்களின் பண்டிகைக்கும் எக்காளப் பண்டிகைக்கும் நடுவே, பஞ்சாங்கம் திடீரென்று நின்றுவிடுகிறது. பண்டிகைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் ஒரு கட்டளை வருகிறது. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமலும், சிந்தியதைப் பொறுக்காமலும், எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்கிறது. பிறகு மறுபடியும் நாட்கணக்கு தொடர்கிறது. நாங்கள் முதலில் இதை இடைச்செருகல் என்று நினைத்தோம். இப்போது, பஞ்சாங்கம் முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறோம்.

பழவேற்காட்டில் வயலோரம் எது? ஏரியின் ஆழமற்ற விளிம்புதான். அங்கே வலையும் படகும் பாட்டு உரிமையும் இல்லாத இருளர் இனத்துப் பெண்கள், பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்று நீரில் தவழ்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். முகத்துவாரம் தூர்ந்து கடல்நீர் வரத்துக் குறைந்தாலும், தொழிற்சாலைகள் நெருங்கி வந்தாலும், மீன்வளம் சுருங்கும்போது முதலில் வெறுங்கூடையோடு திரும்புபவர்கள் அவர்கள். இந்த ஏரியில் லேவியராகமத்துப் பண்டிகையைக் கைக்கொள்ள விரும்பும் எவருக்கும் எக்காளம் ஊதும் நாளைக் கணிப்பதைவிட இந்த விளிம்பைக் காப்பது முந்தியது. அதைக் காக்க மேசியானியராகவோ கிறிஸ்தவராகவோ இருக்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, அவருடைய பஞ்சாங்கத்தை நாங்கள் எள்ளி நகையாடுவதாக எவரும் எண்ண வேண்டாம். ஒரு இடத்தில் அது இந்தக் கரைக்கு வியக்கத்தக்க விதத்தில் பொருந்துகிறது. கூடாரப் பண்டிகை புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் பௌர்ணமியில் தொடங்குகிறது. இஸ்ரவேல் நாட்டில் அது வறண்ட கோடையின் முடிவு. திருநாளின் இறுதியில் யூதர்கள் மழைக்காக மன்றாடுகிறார்கள். அதே ஐப்பசியில்தான் இந்தக் கரையும் வடகிழக்குப் பருவமழைக்காக வானத்தைப் பார்க்கிறது. ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவந்தால்தான் ஏரி நிறையும், முகத்துவாரத்து மணல் விலகும், இறால் குஞ்சுகள் உள்ளே வரும். வாற்கோதுமை இங்கே விளையாவிட்டாலும் மழைக்கான வேண்டுதலை யாரிடமிருந்தும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

அந்தத் திருநாளில் ஏழு நாட்கள் ஓலைக் கூடாரத்தில் தங்க வேண்டும். கூரை தழைகளால் ஆனதாக, இடைவெளியில் விண்மீன் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது யூத மரபு. நண்பரின் உறவினர் ஆண்டுதோறும் வீட்டு வாசலில் பனையோலையால் அதைக் கட்டுகிறார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கு முன்னர் அவர்கள் வாழ்ந்ததும் அப்படியொரு ஓலைக் குடிசையில்தான். பின்னர் கான்கிரீட் வீடு வந்தது. “அப்ப அது வீடு. இப்ப அது பண்டிகை” என்றார். மேல்மாடி வாசிகளான எங்களுக்கு அந்தத் திருநாளின் பொருளை எந்த உரைநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

புறப்படும்போது அந்த அம்மா எங்களுக்குக் கருவாடு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு பழையதை விலக்குவதில்லை என்று கணவர் ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பின்னர் நண்பர் வழியாகத் தெரிந்தது. சனிக்கிழமைச் சோற்றை வெள்ளிக்கிழமை மாலையே வடித்து நீரூற்றி வைத்துவிடுகிறார்களாம். யூதர் வீடுகளில் ஓய்வுநாளுக்கு முந்திய மாலையிலேயே உணவைச் சமைத்து வைப்பது நெடுநாள் வழக்கம். பழவேற்காட்டில் அந்த வழக்கத்துக்குப் பழைய சோறு என்று பெயர். மூன்று மணி அடுப்பு இப்போது சனிக்கிழமைகளில் மூட்டப்படுவதில்லை.